முத்திரைத்தாளில் வந்த ஹால் டிக்கெட்

செஞ்சியில் தாலுகா அலுவலகம் பக்கம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் கடையில் இருப்பவை: விண்டோஸ் ஓடும் ஒரு டெஸ்க்டாப், அரசு இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று, மூன்று பிரின்டர்கள். பத்திரம், ஜெராக்ஸ் வேலைக்குச் சின்ன லேசர், போட்டோவுக்கும் கலருக்கும் இங்க் டேங்க், பில் போட டாட் மேட்ரிக்ஸ். பில் போடும் சாஃப்ட்வேர் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒன்றுதான்.

ஒரு நாள் காலை, கிராமத்திலிருந்து வந்த ஒரு விவசாயிக்குக் குத்தகை ஒப்பந்தம் அடித்துக் கொடுத்திருக்கிறார். படித்துக் காட்டி, திருத்தி, அவர் வாங்கி வந்த முத்திரைத்தாளை லேசரின் முன் வாயில் வைத்துவிட்டு பிரின்ட் கொடுத்தார். முத்திரைத்தாளில் அச்சாகி வந்தது, முதல் நாள் மாலை வந்துபோன ஒரு மாணவியின் ஹால் டிக்கெட்!

"வேறு தாள் வாங்க நானே காசு கொடுத்துவிட்டேன் சார். காசு போனால் போகட்டும். அந்தப் பெண்ணின் போட்டோவும் பிறந்த தேதியும் யாரோ ஒருவர் கையில் இருந்த தாளில் வந்து நின்றதே, அதுதான் தாங்கவில்லை. நான் சரியான பிரின்டரைத்தான் தேர்ந்தெடுத்தேன். அப்படியானால் தப்பு யாருடையது?" என்று கேட்கிறார். இன்னொரு கேள்வியும் உண்டு. "டெஸ்க்டாப்பில் பில் ஒழுங்காக டாட் மேட்ரிக்ஸுக்குப் போகிறது. அதே சாஃப்ட்வேர் லேப்டாப்பில் மட்டும் பில்லை லேசருக்கு அனுப்புகிறது. ஏன்?"

இரண்டும் ஒரு கடையின் பிரச்னை மட்டும் கிடையாது. வீட்டில் ஒரே ஒரு பிரின்டர் வைத்திருப்பவருக்கும் இது நடக்கும். ஆகவே இந்த வாரம் முழுக்க பிரின்டர்தான்.

திரையில் தெரிவது பிரின்டரின் பெயரா?

பிரின்ட் பொத்தானை அழுத்தியதும் ஒரு பட்டியல் வருகிறது. அதில் நாம் பிரின்டரைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பது ஒரு வரிசையை. ரேஷன் கடையில் நிற்கிறோமே, அந்த மாதிரி வரிசை. நாம் அனுப்பும் வேலை முதலில் அந்த வரிசையில் போய் நிற்கும். முன்னால் நிற்கும் வேலைகள் முடிந்த பிறகு, டிரைவர் என்ற சின்ன மென்பொருள் அதை அந்த மாடலுக்குப் புரியும் மொழியில் மாற்றித் தரும். அதன் பிறகுதான் காகிதம் நகரும்.

ஒரே பிரின்டருக்கு இரண்டு வரிசைகள் இருக்கலாம். பிரின்டரே இல்லாத வரிசையும் இருக்கலாம். போன வருடம் கழற்றி எடைக்குப் போட்ட பிரின்டரின் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் கம்ப்யூட்டரில் பாருங்கள். பல வீடுகளில் இருக்கும்.

'காப்பி 1' செய்த வேலை

வாசகியின் முதல் கேள்விக்கு விடை அவர் கடிதத்திலேயே இருந்தது. முதல் நாள் மாலை, பென் டிரைவ் செருக இடம் வேண்டுமென்று பிரின்டரின் யு.எஸ்.பி. வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகியிருக்கிறார். அதன் பிறகு ஹால் டிக்கெட் வரவில்லை. அவசரத்துக்கு லேப்டாப்பிலிருந்து அடித்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை வயரைப் பழைய துளைக்கே மாற்றியிருக்கிறார்.

விண்டோஸில் பல பிரின்டர் மாடல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வயர் வேறு துளைக்கு மாறினால், புதிதாக ஒரு பிரின்டர் வந்துவிட்டதென்று நினைத்து, அதே பெயரின் பின்னால் 'காப்பி 1' என்று சேர்த்து இன்னொரு வரிசையை உண்டாக்கிவிடும். பழைய வரிசை 'ஆஃப்லைன்' ஆகிவிடும். ஆனால், அது வேலைகளை வாங்கி வைத்துக்கொள்வதை நிறுத்தாது. ஹால் டிக்கெட் அந்தப் பழைய வரிசையில் போய் நின்றது. இரவெல்லாம் அங்கேயே காத்திருந்தது. காலையில் வயர் பழைய இடத்துக்கு வந்ததும் அந்த வரிசைக்கு உயிர் வந்தது. குத்தகை ஒப்பந்தம் இரண்டாவது ஆளாகப் போய் நின்றது. முதல் ஆளுக்குத்தான் முதல் தாள்!

இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. சில சின்ன லேசர் பிரின்டர்களில் முன்பக்கம் ஒற்றைத் தாள் வைக்க ஒரு வாய் இருக்கும். அதில் தாள் இருந்தால், எந்த வேலை வந்தாலும் முதலில் அந்தத் தாளைத்தான் இழுக்கும். யாருடைய வேலை என்று கேட்காது.

ஆக, வாசகி சரியான பிரின்டரைத்தான் தேர்ந்தெடுத்தார். அந்த வரிசையில் ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மூன்று மலை, மூன்று வழக்கம்

இனி இரண்டாவது கேள்வி. ஒரே சாஃப்ட்வேர் டெஸ்க்டாப்பில் ஒரு மாதிரியும் லேப்டாப்பில் வேறு மாதிரியும் நடந்துகொள்வது ஏன்?

செஞ்சிக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மதில் மூன்றையும் சேர்த்து வளைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோட்டை. உள்ளே போனால் ஒவ்வொரு மலைக்கும் ஏறும் வழி வேறு, வாசல் வேறு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ஒரே சாஃப்ட்வேரும் இப்படித்தான். பொத்தான்கள் ஒன்றாக இருக்கும். பிரின்டரைத் தேடிப் போகும் வழி மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.

விண்டோஸுக்கு சொந்தமாக ஓர் அச்சு ஏற்பாடு உண்டு. லினக்ஸிலும் மேக்கிலும் இருப்பது 'கப்ஸ்' என்ற ஏற்பாடு. மைக்கேல் ஸ்வீட் என்ற அமெரிக்க மென்பொருளாளர் 1997-ல் எழுதத் தொடங்கி, 1999-ல் வெளியிட்டது. ஆப்பிள் 2002-ல் அதைத் தன் மேக்கில் சேர்த்துக்கொண்டது. 2007-ல் அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டு, அதன் உரிமையையும் வாங்கிவிட்டது.

லினக்ஸெல்லாம் செஞ்சியில் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாம். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸும் அவற்றில் இருந்தது. படித்து முடித்த பிள்ளைகளின் அந்த லேப்டாப்கள் பல கடைகளிலும் வீடுகளிலும் இன்றும் உழைக்கின்றன.

சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது. விண்டோஸில் பிரின்டர் பெயருக்கு நடுவே இடைவெளி விடலாம். கப்ஸில் வரிசையின் பெயரில் இடைவெளி கூடாது. அதனால் அங்கே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வந்து நிற்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சாஃப்ட்வேருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். டெஸ்க்டாப்பில் சேமித்த செட்டிங்கை அப்படியே லேப்டாப்புக்குக் கொண்டுபோனால், அங்கே அந்தப் பெயரில் யாரும் இல்லை. அப்போது பல சாஃப்ட்வேர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்தக் கம்ப்யூட்டரின் 'டீஃபால்ட்' பிரின்டருக்கு வேலையைத் தள்ளிவிடும். வாசகியின் லேப்டாப்பில் டீஃபால்ட்டாக இருப்பது லேசர். பில் அங்கே போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

'எலக்ட்ரான்' என்று ஒரு கருவி இருக்கிறது. ஒருமுறை எழுதினால் மூன்று ஏற்பாட்டிலும் ஓடும் சாஃப்ட்வேர்களை உருவாக்க இன்று பரவலாகப் பயன்படுவது. கேட்காமல் சத்தமில்லாமல் அச்சடிக்கும் வசதி அதில் உண்டு. பிரின்டர் பெயரைக் கொடுக்காவிட்டால் அது டீஃபால்ட்டுக்கே போகும். பெயர் கொடுப்பதென்றால் திரையில் அழகாகத் தெரியும் பெயரைக் கொடுக்கக் கூடாது, கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருக்கும் பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட பில்லிங் சாஃப்ட்வேருக்கு அபராதம் கட்டுவது கடைக்காரர்.

டாட் மேட்ரிக்ஸ் என்றால் தொல்லை இன்னும் கொஞ்சம் கூடும். ஆங்கில எழுத்துகள் அந்த பிரின்டருக்குள்ளேயே இருக்கின்றன. எழுத்தின் எண்ணை மட்டும் அனுப்பினால் தடதடவென்று அடித்துவிடும். தமிழ் அதற்குள் இல்லை. கடைப் பெயர் தமிழில் வேண்டுமென்றால் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும், வேகம் குறையும். வேகத்துக்காக வெறும் எண்களாக அனுப்பும் பில் வழிதவறி வேறு பிரின்டருக்குப் போனால், ஒன்றும் நடக்காது. அல்லது குப்பை எழுத்துகளோடு பக்கம் பக்கமாகத் தாள் வெளியே வரும்.

டீஃபால்ட்டை மாற்றியது யார்?

"நான் மாற்றவே இல்லை, தானாக மாறியிருக்கிறது" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. மாற்றக்கூடியவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

ஒன்று, விண்டோஸ். 2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலில் ஒரு வசதி சேர்ந்தது. அது இயங்கும்போது, கடைசியாகப் பயன்படுத்திய பிரின்டரே அடுத்த டீஃபால்ட். ஒரு போட்டோவை இங்க் டேங்கில் அடித்தீர்கள் என்றால், அடுத்து வரும் நூறு பக்க நோட்ஸும் அங்கேயே போகலாம்.

இரண்டு, மேக். அதிலும் 'கடைசியாகப் பயன்படுத்தியது' என்ற ஏற்பாடு உண்டு.

மூன்று, லினக்ஸ். அங்கே கம்ப்யூட்டருக்குப் பொதுவாக ஒரு டீஃபால்ட், ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒரு டீஃபால்ட். இரண்டும் மோதினால் பயனருடையது ஜெயிக்கும். பொது டீஃபால்ட்டை மாற்றியும் ஒன்றும் மாறவில்லை என்று சிலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

நான்கு, குரோம். கம்ப்யூட்டரின் டீஃபால்ட்டை விட்டுவிட்டு, கடைசியாக எங்கே அனுப்பினீர்களோ அதைத்தான் முதலில் காட்டும். நேற்று ஒரு டிக்கெட்டை பி.டி.எஃப். ஆகச் சேமித்திருந்தால், இன்றைக்கு பிரின்ட் கொடுத்தாலும் 'சேமிக்கட்டுமா?' என்றுதான் கேட்கும்.

ஐந்தாவதுதான் பலருக்குத் தெரியாதது. ஃபைலே பிரின்டரைச் சுமந்து வரலாம். லிப்ரே ஆஃபீஸில், ஆவணத்தோடு பிரின்டர் செட்டிங்கையும் ஏற்றும் ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கினால் எங்கோ தூரத்தில் இருக்கும் பிரின்டரில் உங்கள் ஆவணம் அச்சாகக் கூடும் என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. அலுவலகத்தில் தட்டிய ராஜினாமா கடிதத்தை வீட்டு லேப்டாப்பிலிருந்து அலுவலக நெட்வொர்க் வழியாக அச்சடித்தால் அது எங்கே போய் வெளிவரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

விண்டோஸ் 11: செட்டிங்ஸில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்'. டீஃபால்ட் பிரின்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற சுவிட்சை அணையுங்கள். பிறகு அதிகம் பயன்படுத்தும் பிரின்டரைத் தொட்டு 'செட் ஆஸ் டீஃபால்ட்' கொடுங்கள். விண்டோஸ் 10-ல் 'டிவைசஸ்' என்ற பகுதிக்குள் இதே இருக்கும்.

மேக்: சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்'. 'டீஃபால்ட் பிரின்டர்' என்ற இடத்தில் 'லாஸ்ட் பிரின்டர் யூஸ்டு' என்று இருந்தால், அதற்குப் பதில் ஒரு பிரின்டரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸ்: பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 631 என்று சேர்த்து என்டர் தட்டினால் கப்ஸின் பக்கம் வரும். அங்கே 'பிரின்டர்ஸ்' பகுதியில் எல்லா வரிசைகளையும் பார்க்கலாம், டீஃபால்ட்டையும் மாற்றலாம்.

லிப்ரே ஆஃபீஸ்: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், 'லோட்/சேவ்', 'ஜெனரல்'. 'லோட் பிரின்டர் செட்டிங்ஸ் வித் த டாக்குமென்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக நான்கு:

1. பட்டியலில் உள்ள 'காப்பி 1', செத்துப்போன பழைய பிரின்டர்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். நீக்கும் முன் அந்த வரிசையில் வேலை ஏதும் நிற்கிறதா என்று பார்த்து ரத்து செய்யுங்கள்.

2. எந்த வயர் எந்தத் துளையில் என்று ஸ்டிக்கர் ஒட்டி, அங்கேயே விட்டுவிடுங்கள். பென் டிரைவுக்கு ஒரு யு.எஸ்.பி. ஹப் வாங்கிக்கொள்ளலாம்.

3. பிரின்டர்களுக்கு வேலையை வைத்துப் பெயர் கொடுங்கள். மாடல் எண் யாருக்கும் நினைவில் நிற்காது. 'பத்திரம் லேசர்', 'கலர்', 'பில்' என்று ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி இல்லாமல், இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே பெயராக வையுங்கள். பெயரை மாற்றிய பிறகு பில் சாஃப்ட்வேருக்குள் போய் ஒருமுறை புதிதாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வாசகியின் பில் பிரச்னை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

4. முத்திரைத்தாளைக் கடைசியில் வையுங்கள். முதலில் வெள்ளைத்தாளில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். வரிசை காலி என்று பார்த்த பிறகே முத்திரைத்தாள் பிரின்டருக்குள் போகட்டும். ஒரு நிமிடம் கூடுதலாகும். வாடிக்கையாளர் காத்திருப்பார், கெட்டுப்போன தாள் திரும்பி வராது.

அச்சடிக்கக் கொடுப்பவர்களுக்கு

ஆதார், பட்டா, ஸ்கேன் ரிப்போர்ட், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணா, ஒரு பிரின்ட்" என்று நிற்கிறோம். தாள் வரவில்லை என்றால் இன்னொருமுறை கொடுக்கச் சொல்கிறோம். வராத அந்த முதல் பிரதி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அது அழிந்துபோயிருக்காது. ஏதோ ஒரு வரிசையில் உங்கள் பெயரோடு நின்றுகொண்டிருக்கலாம். நீங்கள் பஸ் ஏறிய பிறகு, வேறு யாரோ நிற்கும்போது வெளியே வரலாம். "நின்ற வேலையை கேன்சல் செய்துவிடுங்கள், ஃபைலையும் அழித்துவிடுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாஃப்ட்வேர் எழுதும் பிள்ளைகளுக்கு

இந்தப் பக்கத்தைப் படிக்கும் என்ஜினீயர் பிள்ளைகள் பலர் உண்டு. உங்களுக்கும் ஒரு கதை. 1980 வாக்கில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். பிரின்டர் வேறு மாடியில் இருந்தது. தாள் சிக்கிக்கொண்டால், மாடி ஏறிப் போன பிறகுதான் தெரியும். பழைய பிரின்டரின் சாஃப்ட்வேரை அவர் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்திருந்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய பிரின்டர் வந்தபோது, அதன் சாஃப்ட்வேர் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை, திருத்த முடியவில்லை. அந்தக் கோபமும் ஒரு காரணமாகி, 1983-ல் அவர் கட்டற்ற மென்பொருளுக்கான 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். லினக்ஸ் உலகம் அதன் மேல்தான் வளர்ந்தது.

அவர் கேட்டது பெரிய விஷயம் இல்லை. தன் தாள் எங்கே, என்ன ஆனது என்று பிரின்டர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் எழுதும் சாஃப்ட்வேரிலும் அது இருக்கட்டும். பிரின்ட் பொத்தானிலேயே பிரின்டரின் பெயர் தெரியட்டும். பில்லுக்கு ஒன்று, பத்திரத்துக்கு ஒன்று என்று வேலைவாரியாக நினைவில் வையுங்கள். அந்த நினைவு அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், ஃபைலோடு ஊர் சுற்ற வேண்டாம். சேமித்த பிரின்டர் இல்லையென்றால் அடுத்ததற்குத் தாவாதீர்கள். நின்று, கேளுங்கள். வரிசையில் ஏற்கெனவே வேலை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

டிரைவர் தொல்லை மெல்லக் குறைந்துவருகிறது. 2010-ல் ஆப்பிளின் 'ஏர்பிரின்ட்' வந்தது. 2013-ல் பிரின்டர் நிறுவனங்கள் சேர்ந்து 'மோப்ரியா' கூட்டமைப்பைத் தொடங்கின. தனித்தனி டிரைவர் இல்லாமல் எல்லாக் கருவியும் ஒரு பொது மொழியில் பிரின்டரோடு பேச வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். மற்ற நிறுவனங்களின் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட்டும் 2023 செப்டம்பரில் அறிவித்தது. புதிய பிரின்டர் வாங்குகிறவர்கள் இந்தப் பெயர்கள் அட்டைப்பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கலாம். ஆனால், மொழி ஒன்றானாலும் எந்தப் பிரின்டர் என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

"தப்பு யாருடையது?" என்று கேட்டிருந்தீர்களே அம்மா. உங்களுடையது இல்லை. உங்களுக்குத் தெரியாமல் உங்களுக்காக முடிவெடுத்த செட்டிங்குகளுடையது. அவற்றை அணைக்கும் சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நாளைக் காலை கடை திறந்ததும், முதல் வாடிக்கையாளர் வரும் முன் வரிசையை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே இன்னும் யாராவது நின்றுகொண்டிருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.